நூற்றுப் பன்னிரண்டு செங்கற்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதே பதினொன்று நாற்பதுக்கு, இஸ்திரிக்காரியின் வீட்டு முன்சுவரிலிருந்து சரிந்துகொண்டிருந்த நூற்றுப் பன்னிரண்டு செங்கற்கள் அந்தரத்தில் நின்றுவிட்டன. சாலையை அகலப்படுத்த வந்த நகராட்சி இயந்திரத்தின் ஓட்டுநர் நெம்புகோலை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார், இறங்கி அண்ணாந்து பார்த்தார், பிறகு டீ குடிக்கப் போனார். அவள் புருஷன், தெருமுனையில் பஞ்சர் ஒட்டுகிறவன், பத்து மணிக்குச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவதைக் கண்டதுமே சைக்கிளை மிதித்துக்கொண்டு வக்கீலிடம் ஓடியிருந்தான். வக்கீலுக்கு மனு எழுதக்கூட நேரமில்லை, அதைப் பிறகு எழுதித் தருகிறேன் என்றார். பதினாறு நாளைக்கு முந்தைய தேதியைப் போட்டு இன்றைக்கு ஒட்டி இன்றைக்கே இடிக்கிறார்கள், குடியிருக்கிறவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது அரசியல் சட்டம் கொடுத்த உரிமை என்று நின்றபடியே முறையிட்டார். மறு உத்தரவு வரும்வரை கட்டிடம் தற்போதுள்ள நிலையிலேயே நீடிக்கட்டும் என்றார் நீதிபதி. தற்போது என்ன நிலையில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

அந்தச் சுவரில்தான் கொடிக்கயிற்றின் ஒரு முனை கட்டியிருந்தது. பஞ்சர்காரன் தன் நீலச் சட்டையைக் காலையில் தானே துவைத்து, வழக்கம்போல் சரியாகப் பிழியாமல் சொட்டச் சொட்ட அதில் போட்டிருந்தான். ஊர்த் துணியையெல்லாம் மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுக்கிறவள் வீட்டில் இப்படி ஒருத்தன் என்று அவள் அன்றைக்கும் திட்டியிருந்தாள். உத்தரவு வருவதற்குள் சட்டை இயந்திரத்துக்கு அடியில் போய்க் கந்தலாகிவிட்டது. அதில் ஒரு துண்டைக் கிழித்து, இஸ்திரிப் பெட்டியின் அடியைத் துடைக்க வைத்துக்கொண்டாள்.

செங்கல்லைத் தொட்டால் நீதிமன்ற அவமதிப்பு என்று வக்கீல் சொல்லியிருந்ததால் யாரும் தொடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து வரப் பழகினார்கள். ஆறு வயது மகள் முதலில் நிமிர்ந்தே ஓடினாள், பதிமூன்று வயதில் தலையைச் சாய்த்தாள், பதினேழில் அவளும் குனிந்தாள். மழை அந்தச் செங்கற்களை நனைக்கவில்லை, காக்கை உட்காரவில்லை. உத்தரவு கட்டிடத்துக்கு மட்டும்தான் என்பதால் மனிதர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது.

வழக்கு அதன் பாட்டுக்கு நடந்தது. முதல் வருடம் அரசு வக்கீல் பதில் மனு போட அவகாசம் கேட்டார். இரண்டாம் வருடமும் அதையே கேட்டார். மூன்றாம் வருடம், மனுதாரர் முதலில் நகராட்சியிடமே மேல்முறையீடு செய்திருக்க வேண்டும் என்றார். நான்காம் வருடம், விழுந்துகொண்டிருக்கும் செங்கல் சட்டப்படி விழுந்த செங்கல்தான், ஆகவே வீடு இடிந்தாயிற்று, வழக்குக்கு இனி வேலையில்லை என்று இரண்டு நாள் வாதாடினார். தரையைத் தொடாதது விழுந்ததாகாது என்று இவள் வக்கீல் மூன்று நாள் வாதாடினார். தலைக்கு மேல் கூரை என்பது உயிர்வாழும் உரிமையில் சேருமா என்ற கேள்வி இரண்டு நீதிபதிகளிடம் போனது. அவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அது ஐந்து நீதிபதிகளிடம் போனது. அதில் இருவர் ஓய்வு பெற, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

ஏழாம் வருடம் பஞ்சர்காரன் தண்ணீர் வாளியில் டியூபை முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அடுத்த வாய்தாவில் அவன் பெயருக்கு நேரே ‘இறந்துவிட்டார், பதிலாக மனைவி’ என்று எழுதினார்கள். எழுத்தர் அதைச் சத்தமாக வாசித்தபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. யாருக்குப் பதிலாக யார் என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

அவள் சொல்ல நினைத்த இன்னொன்றும் இருந்தது. மூன்றாவது வரிசைச் செங்கல் ஒன்றில் அந்த நோட்டீஸ் ஒட்டியபடி நின்றது. அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு சொட்டுப் பசை. கஞ்சி போட்டே காலம் தள்ளியவளுக்கு ஈரக் கஞ்சியின் மினுமினுப்பு தெரியாதா என்ன. முதல் மாதமே வக்கீலிடம் சொன்னாள். “இது பெரிய உரிமைப் பிரச்சினைம்மா. எப்ப ஒட்டினாங்கங்கிற விவகாரத்துக்குள்ள எல்லாம் இந்தக் கோர்ட்டு போகாது” என்று விட்டார் அவர். பதினோராம் வருடம், ஐவரில் ஒருவர் சலித்துப்போய், நேரில் பார்த்து வர ஒரு பெண் வக்கீலை ஆணையராக அனுப்பினார். அந்த அம்மாள் குறிப்பெடுத்து முடிக்கும்வரை காத்திருந்து, இஸ்திரிக்காரி முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

“நீங்க தொட்டாக் குத்தமில்லைல்ல? அந்தச் சொட்டைத் தொட்டுப் பாருங்கம்மா. பதினாறு நாள் முன்னாடியே ஒட்டியிருந்தா, நிக்கும்போதே காஞ்சுபோய்த்தானே நின்னிருக்கும்?”

பசை விரலில் ஒட்டியது. ஆணையர் அதைக் கைக்குட்டையில் துடைத்து, கைக்குட்டையை அறிக்கையோடு இணைத்தார். நீதிமன்றத்தில் அது கைக்குக் கை போனது. அரசு வக்கீல் அவகாசம் கேட்டார், இந்தமுறை கிடைக்கவில்லை.

தீர்ப்பு இருநூற்று நாற்பது பக்கம். கேட்காமல் யார் வீட்டையும் இடிக்கக் கூடாது. இந்தக் கட்டிடமும் அதைச் சார்ந்தவையும் இடிப்புக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்ப வேண்டும். சட்டக் கல்லூரிகளில் இதைப் பாடமாக வைப்பார்கள் என்று வக்கீல் பூரித்துப்போனார். தானும் வருகிறேன் என்று கூடவே வந்தார். வாசலில் மகள் நிமிர்ந்து நின்றிருந்தாள். செங்கற்கள் ஒவ்வொன்றாக எழும்பித் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன என்றாள். சுவரில் கீறல்கூட இல்லை. மேசை மேலிருந்த துடைக்கிற துணியைக் காணவில்லை. கொடியில் நீலச் சட்டை முழுசாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

இஸ்திரிக்காரி வீட்டுக்குள் போய்ப் பார்த்தாள். கொல்லைப்புறமும் பார்த்தாள். திரும்பி வந்து வக்கீலிடம் கேட்டாள்.

“எல்லாம் பழையபடி வந்திருக்கு. அவரு?”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “மனுவுல கட்டிடத்தை மட்டும்தாம்மா கேட்டிருக்கோம். அன்னிக்கு அவரு நல்லாத்தானே இருந்தாரு.”

அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். பிறகு சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தாள். பிழியத் தெரியாத மனுஷன் என்று முணுமுணுத்தபடி அழுத்திப் பிழிந்து, உதறி, மறுபடியும் போட்டாள். நல்ல வெயில். இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.