சின்னதி முந்து

சம்பத் கட்டிய வண்டி ஓடும் என்பதில் புத்தூரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது புறப்படும் சத்தத்துக்கே கடைத்தெருவில் தூங்குகிற ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவான். நிற்குமா என்பதில்தான் ஊருக்குச் சந்தேகம். வண்டிக்காரனுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது, வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய யாரோ ஒரு துரை விட்டுவிட்டுப் போன அமெரிக்கக் கார் அது. கதவு, கூரை, பின்சீட்டு என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு லாரி எஞ்சினை அதற்குள் இறக்கியிருந்தான் சம்பத். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் மனைவி அலர்மேல்மங்கைதான் பதில் சொல்லி அலுத்துப்போனாள்.

காரணம் ரங்கையா. புத்தலப்பட்டுப் பக்கம் புது ரோடு போட்டுக்கொண்டிருந்த கான்ட்ராக்டர். மனிதருக்கு லாரி என்றால் உயிர். பந்தயம் என்றால் அதைவிட உயிர். தார் போட்டு முடித்த ரோடு மாந்தோப்புகளுக்கு நடுவே கோடு கிழித்த மாதிரி நேராகக் கிடக்கவும் அவருக்குக் கை துறுதுறுத்துவிட்டது. இரண்டு வண்டிகள் ஒன்றாகப் புறப்பட வேண்டும், மறுமுனையில் நட்ட கொடியை முதலில் தாண்டுகிற வண்டியைக் கட்டிய மெக்கானிக்குக்குத் தன் லாரிகள் அத்தனையின் ரிப்பேர் வேலையும் என்று சொல்லிவிட்டார். கொடிக்குக் கொஞ்ச தூரத்தில் ரோடு முடிந்துவிடும். அங்கே இன்னும் பாலம் கட்டாத ஓடை. ஓடைக்கு முன்னால் காவலாக ஒரு மணல்மேடு. அதனால் பந்தயத்துக்கு முன் பிரேக் சோதனை உண்டு. நடு ரோட்டில் காலித் தார் டிரம்களை வரிசையாக நிறுத்தியிருப்பார். அதை முட்டுகிற வண்டி வீட்டுக்குப் போகலாம்.

அந்த லாரி வேலை கிடைத்தால் சம்பத்தின் ஷெட் பிழைக்கும். இல்லாவிட்டால் இழுத்து மூடிவிட்டுத் திருத்தணிக்குப் போய், அண்ணன் பார்த்து வைத்திருக்கும் லாரி டிரைவர் வேலையில் சேர வேண்டியதுதான். திருத்தணி மெட்ராஸோடு சேரப்போகிறது, புத்தூர் ஆந்திராவிலேயே இருக்கப்போகிறது என்று பேப்பரில் வந்ததிலிருந்து அண்ணன் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். சம்பத்துக்கு எங்கே போனாலும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். மங்கைக்குத்தான் மனசில்லை. அவள் நைனா கொடுத்த இடத்தில், கூரைக்குத் தானே ஓலை எடுத்துக் கொடுத்து எழுப்பிய ஷெட். அதை விட்டுவிட்டு மைத்துனர் வீட்டுச் சமையலறையில் ஒண்டிக்கொள்ள அவளால் ஆகாது. இதை அவள் ஒளிக்கவும் இல்லை, தினமும் சொன்னாள்.

இந்த லட்சணத்தில்தான் பிரேக் கழுத்தை அறுத்தது.

சக்கரத்துக்குள் இருந்து அழுத்தி நிறுத்துகிற பழைய பிரேக் ஷூ தேய்ந்துபோய்விட்டதால் மெட்ராஸில் ஏதோ ஒரு கடையில் புது ஷூ வாங்கி வந்திருந்தான். சக்கரத்துக்கு இரண்டு. ஒன்றில் மேலே ஒட்டிய லைனிங் குட்டை, மற்றதில் நீளம். அன்றைக்கு என்று பார்த்துத் திருப்பதி பஸ் மெக்கானிக் நாகையா அந்தப் பக்கம் வந்தார். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்து, "சின்னதி முந்து, பெத்ததி வெனக" என்று சொல்லிவிட்டு, பஸ் ஹாரன் கேட்டதும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

திருத்தணிக்காரனுக்குத் தெலுங்கு ஓடாது. ஷெட்டுக்கு மொழிபெயர்ப்பு இலாகா மங்கைதான். எட்டாவது வரை தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்து, பத்யம் என்கிற செய்யுள் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். அந்தப் பெருமை அவளுக்கு எப்போதும் முந்தானை நுனியில் முடிந்தே இருக்கும்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டான் சம்பத்.

"சின்னத முந்தி போடணுமாம் மாமா. பெருச அப்பால போடணுமாம்."

அவன் அப்படியே செய்தான். புதுப் பொருளுக்கு மரியாதை கொடுத்து, நாலு சக்கரத்திலும் சின்னதை முதலில் பொருத்தி, பெரியதை அப்புறம் பொருத்தினான். வண்டி மட்டும் நிற்கவில்லை. மிதித்தால் ஏதோ யோசனை செய்கிற மாதிரி மெதுவாக ஓடி, தனக்குத் தோன்றும் இடத்தில் நின்றது.

பைப்பில் காற்று புகுந்திருக்கும் என்று மங்கையைப் பெடலில் உட்காரவைத்து, "அமுக்கு... வுடு... அமுக்கு" என்று காற்றெடுத்தான். பெடல் கல் மாதிரி இருந்தது, வண்டி நிற்கவில்லை. ஆயில் கசிகிறதா என்று பிரேக் டிரம்மைத் திறந்தான். துடைத்து வைத்த வெண்கலப் பானை மாதிரி சுத்தமாக இருந்தது. லைனிங்கில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளியைக் குறைத்துப் பார்த்தான். கடைசியில் மெட்ராஸ் கடைக்காரனையும் அவன் குடும்பத்தையும் வாய் வலிக்கத் திட்டினான். அதற்கும் வண்டி நிற்கவில்லை.

பந்தய நாள் காலையில் சோதனை. போட்டிக்கு வந்திருந்த சித்தூர் மெக்கானிக் சந்திரனின் வண்டி டிரம்மை நெருங்கி மரியாதையாக நின்றது. சம்பத்தின் வண்டி டிரம் வரிசைக்குள் புகுந்து, ஒன்றை மாந்தோப்பு வரைக்கும் உருட்டிவிட்டு நின்றது. கூட்டம் சிரித்த சிரிப்பில் மங்கைக்குக் காது எரிந்தது. ரங்கையா மட்டும் சிரிக்கவில்லை.

"நல்ல எஞ்சின்பா. வேஸ்ட் பண்ணாதே. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பால இன்னொரு சான்ஸ். அதுக்கும் நிக்கலன்னா வண்டிய எடுத்துகினு போயிரு."

சம்பத் வண்டியை ரிவர்ஸில் மாமர நிழலுக்கு எடுத்தான். மங்கை மடியில் தூக்குச்சட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்தோ ஒரு கன்றுக்குட்டி பின்னால் ஓடிவந்து நின்றது. "மாமா, கன்னு!" என்று அவள் கத்த, அவன் மிதிக்க, வண்டி அடித்து வைத்த மாதிரி நின்றது. தூக்குச்சட்டி அவள் நெஞ்சில் மோதிக் குழம்பெல்லாம் புடவையில்.

மங்கை புடவையைப் பார்க்கவே இல்லை. "மாமா, நின்னுதே!"

"ரிவர்ஸ்ல நின்னு இன்னா பண்ண? ரேஸு ரிவர்ஸ்லயா வுடுவாங்க?"

"இன்னொரு வாட்டி எடு."

எடுத்தான். முன்னால் போனால் ஓடியது. பின்னால் போனால் பிடித்தது. இன்னொரு தரமும் அப்படியே.

"சரக்கு மட்டம்னா ரெண்டு பக்கமும் தானே நிக்காம போவணும்? கடைக்காரன் மேல தப்பில்ல மாமா. வண்டிக்கு முன்னு எது பின்னு எதுன்னு தெரியல" என்றாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தான்.

அந்த நேரத்தில் ஜல்லி லாரி ஒன்று ரோட்டோரம் ஒதுங்க வந்தது. கிளீனர் கீழே குதித்து, கையை முன்னும் பின்னும் வீசி டிரைவருக்கு வழி சொன்னான்.

"முந்துக்கு ரா! முந்துக்கு! சாலு, சாலு! கொஞ்சம் வெனக்கு போ!"

மங்கை தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். முந்துக்கு ரா. முன்பக்கம் வா. அந்தக் கிளீனர் 'முதலில் வா' என்றா சொல்கிறான்? தெலுங்கில் முந்து என்றால் முதலில் என்றும் ஆகும், முன்பக்கம் என்றும் ஆகும். இரண்டும் அவளுக்குத் தெரியும், எட்டாவது வரை படித்தவள் ஆயிற்றே. ஆனால் அன்றைக்கு அவள் காதில் விழுந்தது அடுப்படி முந்து. கடுகை முந்தி போடு, பருப்பை அப்பால போடு என்கிற முந்து.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பரிசு வாங்கிய தெலுங்கு என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட வாய். ஆனால் குனிந்து உட்கார்ந்திருந்தவனின் முதுகைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"மாமா, நாந்தான் தப்பா சொல்லிட்டேன். சின்னது முன்பக்கம் இருக்கணும். முந்தி போடறதுன்னு நெனச்சிகினேன். நீ எந்தப் பக்கம் போட்ட?"

சம்பத் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "பின்பக்கம். அதுதான் கைக்கு வாட்டமா இருந்துச்சி."

"நாலுலயுமா?"

"நாலுலயும்தான். நீ சொன்னா மாதிரியே சின்னத முந்தி போட்டேன்." கழற்றிய சக்கரத்தை ஒரு தட்டு தட்டினான். "ஒரு சக்கரத்துலயாவது மறந்துபோயி மாத்திப் போட்டிருக்கக் கூடாதாடி? அப்பயே தெரிஞ்சிருக்குமே!"

திட்டுவான் என்று நினைத்திருந்தாள். அவனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளும் சிரித்தாள். மெட்ராஸ் கடைக்காரனிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, நாலு சக்கரத்தையும் கழற்றி உட்கார்ந்தார்கள். அவன் ஸ்பிரிங்கை இழுக்க, அவள் ஷூவைப் பிடித்தாள். ஒவ்வொரு சக்கரத்திலும் "முன்பக்கம் எது மாமா? கையால காட்டு" என்று கேட்டு, அவன் காட்டிய பிறகே கொடுத்தாள். கொண்டுவந்த சோறு அப்படியே இருந்தது. சாப்பிட யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இரண்டாவது சோதனையில் வண்டி வந்த வேகத்தைப் பார்த்து டிரம் பக்கத்தில் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். வண்டி டிரம்முக்கு ஒரு கை தூரத்தில் மூக்கைத் தரையில் குத்துவது போல நின்றது. "பலே!" என்றார் ரங்கையா.

பந்தயத்துக்கு வண்டிகள் நிற்கிறபோது மங்கை மறுமுனைக்கு நடக்க ஆரம்பித்தாள்.

"எங்க போற?"

"மணல்மேட்டாண்ட."

"அங்க போயி நிக்காத மங்கா!"

"நான் சொன்ன வார்த்த நிக்குதா இல்லியான்னு நாந்தானே பாக்கணும்?" என்று திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

புறப்பாட்டுக் கொடி இறங்கியது. சந்திரனின் வண்டி முதலிலேயே முந்திக்கொண்டது. அதன் எஞ்சின் பெரியது. பாதி ரோடு வரை சம்பத்துக்குப் புகைதான் மிச்சம். மணல்மேட்டின் ஓரத்தில் நின்றிருந்த மங்கைக்கு இரண்டு வண்டிகளும் இரைந்துகொண்டு தன்மேலேயே வருவது போல இருந்தது. மறுமுனைக் கொடி நெருங்கும்போது சந்திரனின் வண்டி லேசாகத் தயங்கியது. சம்பத்தின் வண்டி தயங்கவில்லை. கொடியைத் தாண்டியபோது அதன் மூக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது.

மங்கை கண்ணை மூடிக்கொண்டாள். டயர் கிறீச்சிட்டது. ரப்பர் தீய்ந்த வாசனை வந்தது. முகத்தில் அனல் அடித்தது. கண்ணைத் திறந்தால் எட்டித் தொடும் தூரத்தில் ரேடியேட்டர். அதற்குப் பின்னால் தூசி படிந்த முகத்தில் பல் மட்டும் தெரிய, சம்பத்.

ரங்கையா மூச்சுவாங்க ஓடிவந்தார். சந்திரனைப் பார்த்து, "நீதானே முன்னாடி வந்தே, ஏன் கால எடுத்தே?" என்றார்.

"மணல் தெரிஞ்சிடுச்சி சார். தன்னால கால் வந்துடுச்சி."

"உனக்குத் தெரியலியா?" என்று சம்பத்தைக் கேட்டார்.

"நான் மணலப் பாக்கல சார். இவளத்தான் பார்த்தேன். நவுரவே இல்ல. பிரேக்கு புடிக்கும்னு இவளுக்கே தெரிஞ்சிருக்குது, எனக்கு இன்னா பயம்னு மிதிச்சிகினே வந்துட்டேன்."

மங்கை நகர்ந்துவிடத்தான் பார்த்தாள், கால் வரவில்லை. அதை அவனிடம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

ரங்கையா சம்பத்தின் தோளைத் தட்டி, "ரேப்பு மீ ஷெட்டு முந்து நா லாரிலு" என்று ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சொல்றாரு?" என்றான் சம்பத், வழக்கம்போல.

மங்கை வாயைத் திறந்தாள், மூடினாள். ரங்கையாவைப் பார்த்துப் பணிவாகக் கேட்டாள். "ஐயா, முந்துன்னா முந்தியா, முன்னாடியா?"

"ரெண்டும்தாம்மா!" என்றார் அவர்.

"நாளைக்கு லாரிங்க எல்லாம் முந்தி நம்ம ஷெட்டுக்குத்தான் வருமாம் மாமா. ஷெட்டு முன்னாடியே நிக்குமாம். திருத்தணிக்கு மூட்ட கட்ட வேணாம்."

"இதையாவது சரியா சொன்னியா?"

"இதுல தப்பிருந்தா," என்றாள் மங்கை, குழம்பும் கிரீஸும் அப்பிய முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "உனக்கு முந்தி நானே திருத்தணிக்கு நடந்து போறேன்."