பாயிண்டின் மேல் நான்கு முட்டைகள்

ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியும் கம்பிரசர் லாரியும் மேட்டுக்காட்டுக்குள் ஏறி நின்றதும், துளை இறக்கக் குறித்த பாயிண்டிலிருந்து ஓர் ஆள்காட்டிக் குருவி எழுந்து ஊரையே கூட்டுகிற மாதிரி கத்தியது. பூசைத் தட்டோடு வந்த வள்ளியாத்தாள் குனிந்து பார்த்தாள். முதலில் வெறும் கற்கள்தான் தெரிந்தன. கொஞ்சம் உற்றுப் பார்த்தபோதுதான் அவற்றில் நான்கு முட்டைகள் என்று புரிந்தது. கல்லின் நிறம், கல்லின் புள்ளி. கூடு என்று ஒரு துரும்புகூட இல்லை.

"ஏனுங்க, இங்க வாங்க. பாத்து, மிதிச்சுப் போடாதீங்க."

அவள் கணவர் சென்னியப்பன் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "இத்தனை காட்டுல இதுக்கு வேற எடமே கெடைக்கலையா?"

திருச்செங்கோட்டுப் பக்கம் அந்தச் சித்திரையில் பல போர்கள் வற்றியிருந்தன. கீழ்க்காட்டுப் பழைய போரிலிருந்து மேட்டுக்காட்டுத் தொட்டிக்கு வரும் தண்ணீரும் மூன்று மாதமாக நூலாக இளைத்துவிட்டது. ஊரில் எல்லாருக்கும் வற்றியது நமக்கும் வற்றிவிட்டது என்று சென்னியப்பன் முடிவுகட்டினார். அந்தச் சீமையில் தண்ணீர் குறைந்தால் போர்வண்டிக்குத்தான் முதலில் போன் போகும். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயோடு நடந்து வந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பு போட்டுவிட்டுப் போனார். வண்டி கிடைக்கப் பதினெட்டு நாளாயிற்று. அதற்குள் குருவி குடியேறிவிட்டது.

மரவள்ளி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. இன்னும் பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் அந்த வருட வெள்ளாமையே போய்விடும்.

"பத்தடி தள்ளிப் போட்டா ஆகாதுங்களா?" என்றாள் வள்ளியாத்தாள்.

"தேங்கா எந்திரிச்சு நின்னது இங்க. பத்தடி தள்ளுனா அங்க உன்ற குருவியா எந்திரிச்சு நிக்கும்?"

"சரி, முட்டைய முறத்துல அள்ளி ஓரமா வெச்சா?"

வண்டிக்குப் பொறுப்பாளரான கதிர்வேல் குறுக்கிட்டார். "எடத்த மாத்துனா உட்டுட்டுப் போயிருமுங்கக்கா. எங்கூருப் பாறைக்காட்டுல பாத்திருக்கறேன்."

வள்ளியாத்தாள் வாடிய மரவள்ளியைப் பார்த்தாள். தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றிய பறவையைப் பார்த்தாள். "மரவள்ளி காயறதும் வெசனந்தானுங்க. ஆனா நாலு உசுர நசுக்கிப்போட்டு வர்ற தண்ணிய, அர்த்தநாரீசுவரா, எப்படிக் கும்பிட்டுக் குடிக்கறது?"

சென்னியப்பன் குனிந்து முட்டைகளை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார்.

கதிர்வேலுக்குச் சாயங்காலம் ராசிபுரத்தில் அடுத்த பாயிண்ட் காத்திருந்தது. ஆனாலும் அவர் வண்டிகளைப் பின்னால் எடுக்கச் சொன்னார். "பசங்களுக்குப் பசிங்க. சாப்புட்டு முடிக்கற வரைக்கும் கம்பிரசரைப் போடல. அதுக்குள்ள நீங்க ரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க."

எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கத்தல் நின்றது, பறவை மெல்ல நடந்து திரும்பி வந்தது. ஆனால் முட்டைகளின் மேல் உட்காரவில்லை. கால்களை அகட்டி நின்று, சிறகைத் தாழ்த்தி, தன் நிழலை முட்டைகளின் மேல் விழ வைத்தது. அலகு திறந்திருந்தது, தொண்டை படபடத்தது.

"அட, குடை புடிக்குது பாருங்க," என்று வியந்தாள் வள்ளியாத்தாள்.

"இந்த வெயிலுக்கு அடைகாக்கறதுன்னா சூடு குடுக்கறதில்லீங்க, வெந்து போகாம பாத்துக்கறது," என்றார் கதிர்வேல்.

சற்று நேரத்தில் அதன் சோடி பறந்து வந்தது. நின்றது விலக, வந்தது முட்டைகளின் மேல் படிந்து உட்கார்ந்து உடம்பை அசைத்தது. அது எழுந்தபோது முட்டைகள் பளபளத்தன.

"வேர்த்து ஊத்துதா அதுக்கு?" என்று சிரித்தார் சென்னியப்பன்.

"குருவிக்கு வேர்க்காதுங்கண்ணா. வயித்து எறகத் தண்ணில நனைச்சுட்டு வந்து முட்டைக்கு ஒத்தடம் குடுக்குது." சொல்லிவிட்டுக் கதிர்வேல் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். "ஏனுங்கக்கா, இங்க பக்கத்துல குட்டை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஏரி காஞ்சே நாலு மாசமாச்சு சாமி. தொட்டியும் காலி."

"அப்ப எங்க போய் நனையுது? தூரத்துல இருந்து வந்தா இந்த வெயில்ல பாதி வழியிலயே காஞ்சு போயிருக்கும். இது சொட்டச் சொட்ட வருது!"

சோற்றை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். அடுத்த முறை குருவி கிளம்பியதும் வள்ளியாத்தாள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அது தாழப் பறந்து ஓடைப்பள்ளத்து முட்புதருக்குள் இறங்கியது.

புதிதாகத் தழைத்திருந்த முள்ளை விலக்கிப் போனால் உள்ளே பச்சைப் புல். நடுவில் குழிந்த மண்ணில் தண்ணீர் குமிழியிட்டு வந்து, பக்கத்து மணலுக்குள்ளேயே சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்க்காட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் மண்வெட்டியால் இரண்டு வெட்டு வெட்டினார். மேட்டுத் தொட்டிக்குப் போகும் குழாயின் இணைப்பு வாய் பிளந்து கிடந்தது.

போர் வற்றவே இல்லை.

"தை மாசம் இங்க ஜேசிபி உட்டு முள்ளு வாருனது ஆருங்க?" என்றாள் வள்ளியாத்தாள் சாந்தமாக.

சென்னியப்பன் வானத்தைப் பார்த்தார். "ஆருன்னு இப்பென்ன ஆராய்ச்சி? சோலியப் பாக்கலாம்."

கதிர்வேல் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு அன்று ஒரு போர் கைநழுவிப் போயிற்று. ஆனாலும் வண்டிப் பெட்டியிலிருந்து பசையும் இணைப்பும் கொண்டுவந்து பள்ளத்தில் இறங்கிக் குழாயை ஒட்டிக் கொடுத்தவர் அவர்தான். "சித்திரையில எங்களுக்குப் பாயிண்டுக்கா பஞ்சம்? கெடக்குது போங்க," என்றார். ஒரு வேளைச் சோற்று நேரம் பொறுத்துக்கொண்ட மனிதர் அவர். அந்தப் பொறுமை இல்லாதிருந்தால் முட்டைகளும் போயிருக்கும், உண்மையும் தெரிந்திருக்காது. இதில் ஆண்டவன் பங்கு எவ்வளவு, மனிதன் பங்கு எவ்வளவு என்று வள்ளியாத்தாள் பிரித்துப் பார்க்கவில்லை. வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தாள்.

பசை காய்ந்ததும் மோட்டாரைப் போட்டார்கள். மேட்டுத் தொட்டியில் தண்ணீர் குழாய் நிறைய வந்து கொட்டியது. மரவள்ளிப் பாத்தியில் அது ஓடுவதைக் கண்டு வள்ளியாத்தாள் கைகூப்பினாள். உடனே அவள் முகம் வாடியது.

"ஏனுங்க, குழாய அடைச்சுப்போட்டோம். இனி குருவி எங்க போய் நனையும்?"

திரும்பிப் பார்த்தாள். சென்னியப்பன் மீதமிருந்த சொட்டுநீர்க் குழாய் ஒன்றைத் தொட்டிக் குழாயில் செருகி, மறுமுனையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப்பள்ளத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அதைப் புதர் ஓரத்தில் பழைய சட்டிக்குள் விட்டு, கல் வைத்து அழுத்தினார். சட்டி நிறைந்ததும் எழுந்து வந்தார்.

"வெயில்ல எதுக்கு நிக்கற புள்ள?" என்று மனைவியை அதட்டினார். "நாம தள்ளி நின்னாத்தான அது வந்து நனையும்? வா, ஊட்டுக்குப் போலாம்."