இறங்காத எடை

என் அக்கா எலோதியா தன் மகளின் பின்கழுத்தை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் உள்ளே போனேன். மிரேயா குளியலறையில் முக்காலி மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து மடிப்பெல்லாம் கறுத்துத் தடித்து, கரும்பட்டுத் துணியை ஒட்டவைத்தது போல இருந்தது. தேய்த்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

"அழுக்கு இல்லம்மா. நான் தினமும்தான் குளிக்கிறேன்."

"அழுக்கு இல்லாம வேற என்னடி? உன் கிளாஸ்ல எவளுக்காவது கழுத்து இப்படி இருக்கா?"

நான் எலுமிச்சையைப் பிடுங்கி எறிந்தேன். அக்கா என்னை முறைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

மெக்சிகோவின் தோரெயோன் நகரத்தில் எங்கள் பக்கத்தில் குழாய்த் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. கோடை வந்துவிட்டால் வாயில் வைப்பதெல்லாம் குளிர்பானம்தான். நானும் அக்காவும் ஒரே ஜீன்ஸ் ஆலையில் தைக்கிறோம். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. மிரேயா பள்ளி விட்டு வந்ததும் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ள வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். எங்கள் தெருவில் பெண் பிள்ளையை வெளியே விட்டு வைக்க முடியாது. ஆகவே அவள் கட்டிலும் டிவியும் ஒரு பாட்டிலுமாக வளர்ந்தாள். பள்ளியில் அவளைத் 'தண்ணி லாரி' என்று கூப்பிட்டார்கள்.

அக்காவின் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவள் புருஷன் நசாரியோ சர்க்கரையில்தான் போனான். முதலில் கால் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலோடு. கடைசியில் கண்ணும் தெரியாமல் படுக்கையில் கிடந்து போனான். நல்ல பருமனான ஆள். அன்றிலிருந்து அக்காவுக்குச் சாவு என்றால் பருமன்தான்.

சுகாதார நிலையத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அன்செல்மோ என்ற இளம் டாக்டர் கழுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"இது அழுக்கு இல்லம்மா. உடம்புக்குள்ள சர்க்கரை சரியா செலவாகலன்னு தோல் காட்டுற அடையாளம். இன்னும் வியாதி வரல. வாசல் வரைக்கும் வந்திருக்கு, அவ்வளவுதான். இந்த வயசுல திருப்பி அனுப்பிடலாம்."

"மாத்திரை குடுங்க டாக்டர்" என்றாள் அக்கா.

"மாத்திரைக்கு முன்னாடி இவ ஓடணும். வாரத்துல நாலு நாளாவது மூச்சு வாங்கணும். குளிர்பானத்த நிறுத்தணும். இங்க பின்னாடி மைதானத்துல பிள்ளைங்களுக்கு வகுப்பு நடக்குது. காசு கிடையாது."

வகுப்பை நடத்தியவள் சுலேமா. ஒரு காலத்தில் மாநில அணிக்குக் கூடைப்பந்து ஆடியவள். குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். முதல் நாள் மிரேயா ஒரு சுற்று கூட முடிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். பையன்கள் சிரித்தார்கள்.

"எவன்டா சிரிக்கிறது? வாந்தி எடுக்குற வரைக்கும் ஓடினவ இவ ஒருத்திதான். நீங்கள்லாம் பாதியில உக்காந்தவனுங்க" என்றாள் சுலேமா. மிரேயாவிடம் வந்து, "நாளைக்கு வருவியா?" என்றாள்.

"வரல."

"சரி, அப்ப நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாள் மிரேயா போனாள். ஏன் போனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆலையில் ஷிப்டு மாற்றி வாங்கி நான்தான் அவளோடு போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மெல்ல மெல்ல அவள் மூச்சு நீண்டது. பிறகு சுலேமா அவளைப் பந்தாட்டத்தில் கூடைக்கு அடியில் நிறுத்தினாள். அங்கே அவளை யாராலும் அசைக்க முடியவில்லை. மோதின பையன்கள்தான் கீழே விழுந்தார்கள்.

"என்ன சித்தி, பாத்தியா? அந்த ரமிரோ மூஞ்சி குப்புற விழுந்தான்!"

"பாத்தேன், பாத்தேன். பாவம்டி, ஒல்லிப் பய."

"பள்ளிக்கூடத்துல என்னைத் தண்ணி லாரின்னது அவன்தான். லாரி இடிச்சா அப்படித்தான் இருக்கும்."

வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். இரவு படுத்ததும் தூங்கினாள். குளிர்பானத்தை விட்டாள், விட்டதைப் பற்றிப் பேசக்கூட மறந்துவிட்டாள். கழுத்தின் கறுப்பு ஓரங்களில் வெளுக்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை. அவள் பார்த்தது எடை இயந்திரத்தை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மகளை அதன் மேல் நிறுத்துவாள். முள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது.

அந்த வசந்தத்தில் மிரேயாவுக்குப் பதினைந்து முடிகிறது. எங்கள் பெண்களுக்குப் பதினைந்து என்றால் கல்யாணத்துக்கு அடுத்தபடி. தேவாலயம், இசைக்குழு, வால்ட்ஸ் நடனம், நூறு பேருக்குச் சாப்பாடு. அக்கா கவுனைத் தானே தைத்தாள். வான நீலத்தில், இடுப்பு சிறுத்து, மகளின் அளவுக்கு இரண்டு அளவு குறைவாக.

"இதுக்குள்ள நீ போற அன்னிக்குத்தான் எனக்கு நிம்மதி" என்றாள்.

விழாவுக்கு முன்னால் டாக்டர் மறுபடி ரத்தம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"சபாஷ் மிரேயா! சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. ஈரல்ல இருந்த கொழுப்பும் குறைஞ்சிருக்கு. இப்படியே போனா வருஷக் கடைசியில என்னை நீ மறந்துடலாம்."

"எடை?" என்றாள் அக்கா.

"எடை கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு. அதை விடுங்கம்மா. கொழுப்பு கரைஞ்ச இடத்துல சதை ஏறியிருக்கு. உடம்பு உள்ளுக்குள்ள மாறிக்கிட்டு இருக்கு."

"உள்ளுக்குள்ள மாறுறது யாருக்கு டாக்டர் தெரியும்? என் புருஷனுக்கும் எல்லாம் உள்ளுக்குள்ளதான் இருந்துச்சு. வெளியில தெரிஞ்சப்ப காலை வெட்டி எடுத்தாங்க." எழுந்து நின்று, அழுதபடி மகளைக் காட்டினாள். "இவளப் பாருங்க. இத்தனை மாசம் ஓடியிருக்கா. ஏதாவது குறைஞ்ச மாதிரி இருக்கா?"

டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். நானும் பேசினேன். மிரேயா எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரமே அக்கா அவளை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டாள். நகர மையத்தில் ஒரு மாடியில் உடம்பை இளைக்க வைக்கும் மெலிவு நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் கலர் கலராக மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். மதியம் ஒரு கப் சூப், இரவு ஓர் ஆப்பிள். மிரேயா எதிர்க்கவே இல்லை. சுலேமா வீட்டுக்கே வந்து வாசலில் நின்று கேட்டாள்.

"எங்க ஆளு எங்க? கூடைக்கு அடியில ஆளில்லாம கிடக்கு."

"அவ வரமாட்டா. விழா வேலை இருக்கு" என்று அக்கா கதவைச் சாத்தினாள். உள்ளே மிரேயா கட்டிலில் படுத்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடை இறங்கியது. பார்க்கப் பயமாக இருக்கும் அளவுக்கு வேகமாக இறங்கியது. கன்னம் ஒட்டி, கை நடுங்கி, தூக்கமில்லாமல், தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஆனால் ஊரே புகழ்ந்தது. கவுனுக்குள் அவள் புகுந்த அன்று அக்கா மண்டியிட்டு மாதாவுக்கு நன்றி சொன்னாள். விழாவில் வால்ட்ஸ் ஆடும்போது "பொம்மை மாதிரி இருக்கா" என்று சொல்லாதவர்கள் இல்லை. ஆட்டம் முடிந்ததும் கழிப்பறையில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"நெஞ்சு அடிச்சுக்குது சித்தி. நிக்கவே மாட்டேங்குது. அம்மாகிட்ட சொல்லாத. இன்னிக்குத்தான் சிரிச்சிருக்கா."

சில வாரங்களில் பள்ளி மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். மாத்திரை நின்றது. மெலிவு நிலையத்துக்குச் சண்டை போடப் போனேன், பூட்டிக் கிடந்தது. பிறகு பசி வந்தது. என்ன பசி அது! கண்ணில் பட்டதையெல்லாம் தின்றாள், தின்றுவிட்டு அழுதாள். குளிர்பானமும் திரும்பி வந்தது. போன எடை துணைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பியது. மைதானத்தில் சேர்த்த சதை போய்விட்டிருந்தது, வந்ததெல்லாம் கொழுப்பு.

அக்கா இப்போது மாறினாள். தானே கெஞ்சினாள்.

"மைதானத்துக்குப் போடி. என் கண்ணுல்ல. நானே கூட வர்றேன். சுலேமாகிட்ட மன்னிப்பு கேக்குறேன்."

மிரேயா தலையை மட்டும் ஆட்டினாள், மாட்டேன் என்று. அக்கா ஆலைக்குப் போன பிறகு நான் தனியாகக் கேட்டேன்.

"ஏன்டா போக மாட்டேங்குற? அங்க சந்தோஷமா இருந்தியே."

"அதான் சித்தி. இருந்தேன். ஓடினேன், ஜெயிச்சேன், டாக்டர் சபாஷ் சொன்னாரு. அப்பவும் அம்மா என்னைப் பாத்து அழுதா. மறுபடி எவ்வளவு ஓடினாலும் அதே மூஞ்சியத்தான பாக்கணும்? என்னால முடியாது."

நான் சொல்லிப் பார்த்தேன். சுலேமாவும் வந்து சொன்னாள். சில நாள் இரண்டு பேருமாக அவளை வாசல் வரை கூட்டி வந்திருக்கிறோம். வாசலில் நின்றுவிடுவாள்.

பதினேழு வயதில் ஒரு கோடையில், தாகம் தாகம் என்று ஓயாமல் தண்ணீர் குடித்தாள். இரவெல்லாம் கழிப்பறைக்கு ஓடினாள். நசாரியோவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

சுகாதார நிலையத்தில் டாக்டர் அன்செல்மோ மாற்றலாகிப் போயிருந்தார். புது டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு, வியாதி வந்துவிட்டது, இன்றைக்கே ஊசி தொடங்க வேண்டும் என்றார். சின்ன வயதில் வந்தால் இது வேகமாகக் கெடுக்கும், கண்ணையும் சிறுநீரகத்தையும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். குரலில் கடுமை இல்லை. களைப்பு இருந்தது. வெளியே வரிசையில் மிரேயாவைப் போலவே நான்கைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

நர்ஸ் இன்சுலின் ஊசியை அக்காவின் கையில் கொடுத்து, "வயித்துத் தோலைக் கொஞ்சம் பிடிச்சுத் தூக்குங்க, நேரா குத்துங்க, அவ்வளவுதான்" என்றாள். நாள் முழுக்க ஊசியும் நூலுமாக வாழ்ந்தவள் என் அக்கா. இந்த ஊசியை இரண்டு முறை அருகே கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவிட்டாள்.

"என்னைக் கொன்னுடு மாதாவே" என்று முனகினாள்.

மிரேயா கோபப்படவில்லை. அம்மாவின் கையிலிருந்து ஊசியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோம்மா."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். மிரேயா சட்டையைத் தூக்கிப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு தானே குத்திக்கொண்டாள். பிறகு பஞ்சை வைத்து அழுத்தியபடி, நாளைக்கு எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டாள்.