அன்புச்செல்வி நிறுத்திய வாக்கியம்

1

இந்தக் கதை எனக்குப் பக்கத்து வீட்டு ஹாலில் கிடைத்தது. வேங்கிக்காலில் என் அடுத்த வீட்டுக்காரர் அன்புச்செல்வி, ஆங்கில ஆசிரியை. ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். நான் கோயிலுக்குப் போகிறவன். கூப்பிட்டால் அங்கேயும் போவேன். (டீக்காக என்று எழுதி அடித்துவிட்டேன். அது பாதி உண்மைதான்.)

அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவர் வாம்புயி. கென்யாவிலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் கால்நடை மருத்துவர். தமிழ் தெரியாது. அன்புச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து பிரசங்கத்தை அவர் காதோரம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வருவார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மலைமேல் மேகம் கவிந்திருந்த அந்த மாலையில்...

வேண்டாம். மேகத்துக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

போதகர் விமல்ராஜ் நோவாவின் கதையைச் சொன்னார். வெள்ளம் வடிந்தபின் நோவா குடித்துவிட்டுத் துணி விலகிக் கிடக்கிறார். மகன் காம் அதைப் பார்த்துவிடுகிறான். சாபம் விழுகிறது.

"அந்தக் காமோட சந்ததிதான் ஆப்பிரிக்கா ஜனங்க. சாபத்தாலதான் கறுத்தாங்க, அடிமையானாங்க."

மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அன்புச்செல்வி நிறுத்திவிட்டார்.

3

விமல்ராஜைக் கெட்டவராக எழுத ஆசைதான். முடியவில்லை. என் அம்மா மயங்கி விழுந்தபோது தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர். மனிதர்களைக் கப்பலில் ஏற்றி விற்றவர்களுக்கு இந்தச் சாபத்தை நியாயமாக எடுத்துக்கொடுத்தவர்களிலும் படித்தவர்கள், பக்திமான்கள் உண்டு. வேதத்தில் அந்த இடத்தில் தோல் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. அடிமை வியாபாரத்துக்கு வேண்டியிருந்தது, வாசித்தவர்கள் நிறத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

4

ஒரு வரைவில் அன்புச்செல்வி வேறெதையோ சொல்லிச் சமாளிக்கிறார். இன்னொன்றில் எழுந்து நின்று முழங்குகிறார். இரண்டும் பொய்.

வாம்புயிதான் முதலில் ஆங்கிலத்தில் பேசினார். காம் என்ற பெயரும் ஆப்பிரிக்கா என்ற சொல்லும் காதில் விழுந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. தன் தாத்தாவின் நிலத்தைப் பிடுங்கிய வெள்ளைக்காரர்களும் இதைத்தான் சொன்னார்களாம்.

அன்புச்செல்வி உட்கார்ந்தபடியே கேட்டார். "ஐயா, அந்த இடத்தக் கொஞ்சம் படிங்க. யாருக்குச் சாபம்?"

விமல்ராஜ் படித்தார். குரல் இறங்கியது. "கானானுக்கு. காமோட பையன்."

"சபிச்சது கடவுளா?"

"நோவா."

"போதை தெளிஞ்சு எழுந்தவரு. கறுப்புன்னு எங்கனா இருக்குதா?"

"பெரியவங்க சொன்னதத்தான் நானும் சொன்னேன், சிஸ்டர்."

"எங்க ஜனங்களுக்கும் பெரியவங்கதான் சொன்னாங்க, கடவுளோட கால்ல பொறந்தீங்கன்னு. அதக் கேட்டுக்கினு இருந்திருந்தா எங்கப்பா பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டாரு."

அன்புச்செல்வி வாம்புயி பக்கம் திரும்பி, விட்ட வாக்கியத்தையும் சேர்த்து ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்தார்.

5

விமல்ராஜ் வாம்புயியைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சிருங்க."

[இங்கே முடித்தால் எல்லோருக்கும் சௌகரியம்.] வாம்புயி முடிக்க விடவில்லை. அவர் கேட்டதை அன்புச்செல்வி தமிழில் சொன்னார்:

"இத இதுவரைக்கும் எத்தன வீட்ல சொல்லியிருக்கீங்கன்னு கேக்கறாங்க."

விமல்ராஜ் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். முகம் மாறியது. எண்ணிக்கை நிற்கவில்லை போலிருக்கிறது.

"போறேங்க," என்றார். "எல்லா வீட்டுக்கும் திரும்பப் போறேன்."

போனாரா? எழுத மாட்டேன். நான் பார்த்தது இந்த ஒரு ஹாலைத்தான். அவர் இதைச் சொன்ன வீடுகளில் ஒன்று உங்களுடையதாக இருந்தால், அவர் வந்தாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். வரவில்லையென்றால், அன்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகளிடம் அது பொய்யென்று யார் சொல்வது என்பதும்.