அக்கரைப் பயான்

"வதூது ஆலிம்சா பேரு உன் பேச்சுல வரக்கூடாது. வந்துச்சு, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதே" என்றார் தாளாளர் வைத்தியலிங்கம். நெடுங்காட்டுக்கு அப்பால் எல்லை வாய்க்காலில் புதுப் பாலம் திறக்கிறார்கள். வரவேற்புரை நான். வீட்டில் முதல் பட்டதாரி, தற்காலிக டீச்சர், வாயை அடக்கத் தெரியாதவள்.

மைக்கைப் பிடித்தேன். வதூது ஆலிம்சாவில்தான் ஆரம்பித்தேன்.

பிரெஞ்சுக்காரன் போய் இருபத்தைந்து வருடமாகிறது. அவன் இருந்தபோது, பறங்கிக்குக் கைகட்டி நிற்பது ஈமானுக்கே, இறைநம்பிக்கைக்கே இழுக்கு என்று பள்ளிவாசலில் பயான் செய்தவர் அவர். ஊரைவிட்டு விரட்டினார்கள். மனிதர் வாய்க்காலைத் தாண்டி அக்கரையில் நின்றுகொண்டார். அது இந்தியா. வெள்ளிக்கிழமைதோறும் அங்கிருந்தே அந்தப் பிரசங்கத்தை முழங்கினார். இக்கரையில் சிப்பாய்கள் துப்பாக்கியோடு தவித்தார்கள். தண்ணீரில் கால் வைத்தால் அந்நிய நாடு!

"அப்பதான் நம்ம தாளாளர் அய்யாவோட அப்பா ஒரு யோசனை பண்ணாங்க" என்றேன். வைத்தியலிங்கம் சால்வையை இறுக்கிக்கொண்டார். "தன் வயல்ல நடவு நட்ட பொம்பளைங்ககிட்ட, அந்த ஆளு வாயைத் திறந்தா குலவை போடுங்கடி, ஒண்ணும் காதுல விழக்கூடாதுன்னாங்க. நம்மாளுங்க போட்டாங்க. அவர் பேசறப்ப கம்முன்னு இருந்துட்டு, அவர் நல்லா ஒரு போடு போட்டு மூச்சு வாங்கறப்பக் குலவை போட்டாங்க!"

கூட்டம் குலுங்கியது. மைக் செத்தது. பெண்கள் பக்கத்திலிருந்து என் அம்மா அஞ்சுகம் எழுந்தாள்.

"சிப்பாய் ஒருத்தன் கை தட்டிட்டான்டி, அதைச் சொல்லு!"

"ஏய் அஞ்சுகம், உக்காரு!" என்றார் வைத்தியலிங்கம்.

"உங்க வயல்ல குனிஞ்சே இடுப்பு போச்சு. கொஞ்சம் நிமிந்து நிக்கிறேங்க."

கடைசி வரிசையில் மகள் ஜொஹராவின் கையைப் பிடித்து ஆலிம்சா எழுந்தார். எண்பதைத் தொட்ட உடம்பு. "குலவை போட்ட புள்ளையா நீ? என்னைத்தான் ஏசுறீங்கன்னு நெனச்சு முதல் வாரம் பாதியிலயே ஓடிட்டேம்மா!"

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் பாலத்தை நோக்கி நடந்தார்.

"வாப்பா, ரிப்பன் இன்னும் வெட்டல!"

"அவங்க மெதுவா வெட்டட்டும். நான் போய்ட்டு வந்துர்றேன்."

வைத்தியலிங்கம் என்னிடம் திரும்பினார். "திங்கட்கிழமை..."

"வரமாட்டேங்க" என்றேன். வேலை போயிற்று. ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். ரிப்பன் ஆலிம்சாவின் ஜிப்பாவில் சிக்கி அறுந்து அவரோடு போனது. பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் கத்தரிக்கோல் தட்டை ஏந்தியபடி பாலம் கட்டிய ஓவர்சியர்.