வளைகாப்பு இலையில் பச்சரிசி

“அரிசி திங்கிறியாம்மா?” என்று நர்சம்மா கேட்டார். என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டதால் முகத்தைத் திருப்ப முடியவில்லை. ஆமாம் என்று முனகினேன்.

“ரத்தமில்லாத ஒடம்பு அப்படித்தான் கேக்கும். ஆறு பாயிண்ட் ரத்தத்த வச்சிக்கிட்டு எப்படிப் பெத்துக்குவ? ஆஸ்பத்திரிக்கு வந்து இரும்புச்சத்து டிரிப் ஏத்திக்க. இல்லேன்னா பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போனாலும் ஒன்னக் காப்பாத்த முடியாது.”

கதவோரம் நின்ற என் மாமியார், நர்சம்மா தெரு திரும்பியதும் சிரித்தார். “டிரிப் ஏத்துனா புள்ள பூசணிக்காயாட்டம் பெருத்துடும். அப்பறம் வயித்தக் கிழிப்பானுவ. நான் நடவு வயல்லேருந்து வந்து மூணு பெத்தவ.”

அன்றிலிருந்து என் தட்டில் சோறு ஒரு கரண்டியானது. பிள்ளை சின்னதாக இருந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடுமாம். கீரை மந்தமாம், முட்டை தின்றால் பிள்ளைக்குக் கரப்பான் சொறி வருமாம். பிள்ளை கருத்துவிடும் என்று சத்து மாத்திரைகள் சாக்கடைக்குப் போயின. அத்தையை மீறி என் கணவர் இளவழகன் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கமாட்டார்.

நான் அரிசி மூட்டைத் தையலுக்குள் விரல் விட்டு எடுத்து மென்றேன். பல்லில் அது மாவாகும்போது மட்டும் தலைசுற்றல் மறந்துபோகும். ஒருநாள் அத்தை பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. “வளைகாப்பு வரட்டும்” என்றார்.

நானும் அந்த நாளுக்குத்தான் காத்திருந்தேன். வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா என்னைத் திருவையாற்றில் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், மறுநாளே டிரிப் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தாள்.

அம்மா வந்தாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, எனக்கென்று முருங்கைக்கீரைப் பொரியல். வளையல் அடுக்கியதும் பந்தி நடுவில் என்னை உட்காரவைத்தார்கள். எல்லார் இலையிலும் அம்மா கொண்டுவந்த சோறு விழுந்தது. என் இலைக்கு மட்டும் அத்தை முறத்தோடு வந்து பச்சரிசியைக் கொட்டினார்.

“எம்மருமவளுக்கு இதான் புடிக்கும். ஒளிஞ்சி திங்க வேணாம்டி, எல்லார் முன்னாலயும் தின்னு.”

“கோழிக்குஞ்சு பொறக்கப் போவுதுக்கா, கூடை வாங்கி வையி” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பந்தியே சிரித்தது. இளவழகன், “வுடும்மா” என்றார். அவரும் சிரித்தார்.

அரிசி வாசனை மூக்கில் ஏறியதும் கை தன்பாட்டுக்குப் போனது. ஒரு பிடி அள்ளிப் போட்டு மென்றேன். அந்த நறநறப்பு எனக்கே பெரிதாகக் கேட்டது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அம்மா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். “வேம்புவ இப்பவே கூட்டிட்டுப் போறேன் சம்பந்தி.”

“தாராளமா. ஆனா ஒங்களோடயே வச்சிக்குங்க. திருட்டுக் கைய மறுபடி வூட்டுக்குள்ள சேக்கமாட்டேன். ஒங்க சின்ன மவளப் பொண்ணு பாக்க அடுத்த வாரம் வர்றாங்களாமே? மூத்தவ ஏன் இங்க வந்து கெடக்கான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?”

அம்மாவின் கை என் தோளிலிருந்து நழுவியது.

“அம்மா, டிரிப்பு” என்றேன். “செத்துப்போயிருவேம்மா.”

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் காய்ந்திருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தனியாகப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.