எண்பத்தேழாவது கையெழுத்து

விடுதி அறையில் உட்கார்ந்து அந்தத் தடித்த உறையைப் பிரித்தபோது ஷைலாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் அவள் அரசியல் அறிவியல் மூன்றாம் ஆண்டு படித்தாள். மாநில, உள்ளாட்சி நிர்வாகம் என்ற பாடத்துக்கு ஒரு கள ஆய்வு எழுத வேண்டும். காங்கேயம் பக்கத்திலுள்ள சொந்த ஊர் வேலாங்காட்டுப்புதூரின் கிராம சபையையே எடுத்துக்கொண்டாள். போன வருடச் சுதந்திர தினக் கூட்டத்தின் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, ஒரு மாதம் காத்திருந்து வந்த உறை அது.

வருகைப் பதிவேட்டில் எண்பத்தேழாவது கையெழுத்து, ஏசுவடியான்.

அவளுடைய அப்பா. அந்தக் கூட்டத்துக்குப் பதினாலு மாதம் முன்பே மாரடைப்பில் இறந்துபோனவர்.

அப்பா 'ஏசு' என்று மட்டும்தான் போடுவார், எழுத்தெழுத்தாக, பேனாவை அழுத்தி. இங்கே முழுப்பெயரும் வழுக்கிக்கொண்டு ஓடியது. அடுத்த வரியில் அதே கை அம்மா ஜெபமணியின் பெயரையும் போட்டிருந்தது. அம்மா ஒரு கிராம சபைக்கும் போனவள் இல்லை. கீழே அவர்கள் தெருக்காரர்கள் இன்னும் பதினோரு பேர்.

இத்தனை பேரும் சேர்ந்து நிறைவேற்றியதாகச் சொன்ன ஒன்பதாவது தீர்மானம்: தேங்காய்ச் சிரட்டைக் கரி சுடும் ஆலை அமைக்க ஊர்மக்களுக்கு ஆட்சேபணை இல்லை. அந்த ஆலையின் புகை எட்டு மாதமாக அவர்கள் தெருவில்தான் இறங்குகிறது. கொடியில் காயும் துணி கறுக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் கரிவாடை.

காகிதங்களோடு பேராசிரியர் ரசாக்கிடம் போனாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு நகலைத் திருப்பி வைத்தார்.

"இதை ஆய்வுல சேக்காதம்மா. கூட்டத்துக்கு எத்தனை சதவீதம் பேர் வந்தாங்க, பெண்கள் எத்தனை, அதோட நிறுத்திக்கோ. நாளைக்குக் கல்லூரிக்கு ஆள் வருவாங்க."

"கேள்வி கேக்கற உரிமை இருக்குன்னு நீங்கதானுங்க சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"அது சிலபஸ். இது ஊரு."

ஷைலாவுக்குக் காது மடல்கள் சுட்டன. போன பருவத்தில் கிராம சபை பற்றி மூன்று பக்கம் எழுதி பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தாள். அந்த ஒன்பதை நினைக்கவே அவமானமாக இருந்தது.

அக்டோபர் இரண்டாம் தேதி அடுத்த கிராம சபை. முதல் நாளே ஊருக்குப் போய் அம்மாவிடம் நகலைக் காட்டினாள். ஜெபமணி அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் கொப்பரை காயவைக்கப் போகும் களம் ஊராட்சித் தலைவரின் தம்பியுடையது. வேண்டாம் என்பாள் என்றுதான் ஷைலா நினைத்தாள்.

"எத்தனை மணிக்குக் கூட்டம்?" என்றாள் ஜெபமணி.

ஊராட்சி அலுவலகத்து முன்னால் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். ஷைலா எண்ணிக்கொண்டாள். ஊராட்சிச் செயலாளர் லட்சுமணசாமி மூச்சு விடாமல் தீர்மானங்களை வாசித்து முடித்து, பதிவேட்டைக் கையெழுத்துக்குச் சுற்ற விட்டார். ஷைலா எழுந்தாள்.

"ஏனுங்க, போன வருசம் எங்கப்பா எப்படீங்க கையெழுத்துப் போட்டாரு? அவரு செத்துப் பதினாலு மாசம் ஆயிருந்துச்சுங்க."

லட்சுமணசாமி சிரித்தார். "படிக்கற புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு அம்மணி? ஏதோ பேரு மாறி உழுந்திருக்கும்."

"பதிமூணு பேருமா மாறி உழுந்துச்சுங்க?"

"சரி உடு கண்ணு, அப்பறம் பேசிக்கலாம்," என்றார் தலைவர்.

அப்போது ஜெபமணி எழுந்தாள். கூட்டத்தில் அவள் குரலை யாரும் அதுவரை கேட்டதில்லை. "எம்பட ஊட்டுக்காரரக் குழிக்குள்ள இருந்து எழுப்பிக் கூட்டிட்டு வந்தீங்களாங்க? கரிப் புகை வேணும்னு அவரு வந்து சொன்னாருங்களா?"

பிறகு ஷைலாவின் கையிலிருந்த நகலை ஒருவர் வாங்கினார். அது கைமாறிக் கைமாறிப் போனது. "நானு அன்னைக்குத் திருப்பூர்ல வேலைல இருந்தனே!" என்று ஒருவர் கத்தினார். "எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதுங்க" என்றாள் ஒரு பெண்.

பார்வையாளராக வந்திருந்த ஒன்றிய அதிகாரி, புகார் எழுதிக் கொடுங்கள், இப்போது கூட்டத்தை முடித்துவிடலாம் என்றார்.

"எப்படீங்க முடிப்பீங்க? நம்மூரு அளவுக்கு நூறு பேரு வந்திருக்கோணும். இங்க நாப்பத்து மூணுதான். யாரும் பதிவேட்டுல கையெழுத்துப் போடாதீங்க!" என்றாள் ஷைலா. "நாப்பத்து மூணுன்னு எழுத்தால எழுதி, கூட்டம் ஒத்திவைப்புன்னு போடுங்க. போட்ட பொறகுதான் நாங்க எந்திரிப்போம்."

போட்டுக்கொண்டிருந்தவர்கள் பேனாவை வைத்துவிட்டார்கள். அதிகாரி ஒரு மணி நேரம் யார் யாருக்கோ போன் பேசிப் பார்த்தார். கடைசியில் அவர் கைப்பட எழுதினார்.

மறுநாள் ஜெபமணியைக் களத்துக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். விசாரணை வந்தது. லட்சுமணசாமியைப் பக்கத்து ஊராட்சிக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அங்கேயும் அவர் கையில் ஒரு பதிவேடு இருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் ஷைலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆலைக்கு நோட்டீஸ் போயிற்று. பகலில் சுடுவதை நிறுத்திவிட்டு விடியற்காலையில் சுட்டார்கள்.

ஆய்வில் அவள் எல்லாப் பெயர்களையும் சேர்த்தே கொடுத்தாள். ரசாக் நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டு, "நடுநிலை இல்லை" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அவள் அவரிடம் போய்க் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க, வேலாங்காட்டுப்புதூர்ப் பேருந்தில் முப்பத்தோரு பேர் ஏறினார்கள். முன் இருக்கையில் ஜெபமணி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரோடு.